முன்னணி வேட்பாளரும் மூடிய கதவும்

கட்சியொன்றின் முன்னணி வேட்பாளராகக் கருதப்படுபவர், வேட்புமனுக் கையளிக்குமுன்னரே தம் கட்சியினரிடம் அல்லற்படுவாராயின், அது அக்கட்சியின் நலிவுக்கு அறிகுறி என்பது இலங்கை அரசியலைப் பேசுவோரிடையே வேரூன்றிவிட்ட கருத்தாகும். ஐக்கிய அமெரிக்காவில் கட்சி வேட்பாளரைத் தெரிவதற்கென நடைபெறும் முதனிலைத் தேர்தல்களில் முன்னிற்பவர் ஒருவர் தடுமாறும்போதும், கொழும்பில் ஒரு கட்சியின் செயற்குழு தன் வேட்பாளரைத் தெரியமாட்டாது நாட்கடத்தும்போதும் ஒரே தீர்ப்பே வழங்கப்படுகிறது: வீட்டுக்குள்ளேயே ஒற்றுமை காணாதவர் நாட்டை எவ்வாறு ஆள்வர்? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வினா, இரு வேறு நிகழ்ச்சிகளை ஒன்றாகக் கொண்டு மயங்குகின்றது. ஒன்று மக்கள் முன்னிலையில் நிகழும் சோதனை; மற்றையது மக்களுக்கு மறைவாக நிகழும் பேரம். முன்னது வாக்காளனுக்கு வலிமை தருவது. பின்னது அவனிடமிருந்து வலிமையைப் பறிப்பது. இவ்வேறுபாடு உணரப்படாமையால் பெரிதும் இழப்புற்றவர் வடகிழக்குத் தமிழ் வாக்காளரே என்பதை 2019ஆம், 2024ஆம் ஆண்டுகளின் சனாதிபதித் தேர்தல்கள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன.

2019ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை நிரற்படுத்தி நோக்குதல் பயன்தரும். ஓகஸ்ட் 11ஆம் நாள் பொதுசன பெரமுனவின் வேட்பாளராகத் தம்பி கோட்டாபய ராஜபக்சவின் பெயரை அண்ணன் மகிந்த ராஜபக்ச மேடையில் அறிவித்தார். ஒரு வாரம் கழித்து, 18ஆம் நாள், தேசிய மக்கள் சக்தி காலிமுகத்திடலில் அநுர குமார திசாநாயக்கவை முன்னிறுத்தியது. ஆட்சியிலிருந்த ஐக்கிய தேசியக் கட்சியோ வாளாவிருந்தது. 2010இலும் 2015இலும் வெளியிலிருந்து வந்த பொது வேட்பாளருக்கு இடம்விட்டுக் கொடுத்திருந்த அக்கட்சியில், இம்முறை பிரதித் தலைவர் சஜித் பிரேமதாச முன்னணியில் நின்றார். பதுளையிலும் மாத்தறையிலும் அவருக்காகப் பெருங்கூட்டங்கள் கூட்டப்பட்டன. எனினும் தலைவர் ரணில் விக்கிரமசிங்க இசையவில்லை. சபாநாயகர் கரு ஜயசூரியவின் பெயரும் பேசப்பட்டது. செப்டெம்பர் 26ஆம் நாளே செயற்குழு சஜித் பிரேமதாசவை ஏற்றது. எதிரணி தன் வேட்பாளரை அறிவித்த நாளிலிருந்து 46 நாட்கள் கழிந்திருந்தன. நவம்பர் 16ஆம் நாள் வாக்களிப்புக்கு 51 நாட்களே எஞ்சியிருந்தன.

அந்த 46 நாட்களிலும் முன்னணி வேட்பாளர் பட்ட பாடு சிறிதன்று. ஆனால் அப்பாடு எதன்பொருட்டு? கட்சித் தலைமை எவர் கையில் இருப்பது, பிரதமர் பதவி எவருக்கு உரியது, வெற்றி கிட்டக்கூடியவர் எவர் என்பனவே வினாக்கள். அரசியல் யாப்புச் சீர்திருத்தம் என்னவாகும், பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்படுமா, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கு அரசு என்ன விடை கூறும், படையினர் வசமுள்ள காணிகள் எப்போது மீளும் என்னும் வினாக்கள் அவ்வறையில் அவரை வருத்தியதற்கு எவ்விதச் சான்றும் வெளிவரவில்லை. அவ்வினாக்களைக் கேட்கவேண்டியோர் அவ்வறையில் இருக்கவில்லை என்பதே காரணம். சோழ நாட்டுக்கு அரசன் வேண்டியபோது பட்டத்து யானையை அவிழ்த்துவிட, அது கரிகாலனைத் தேடிக் கொணர்ந்தது என்பது பழங்கதை. யானை எவரைக் கொணரும் என்று தெருவோரத்தில் நின்று பார்த்தலே அன்று குடிகளுக்கு வாய்த்த பங்கு. 2019ஆம் ஆண்டின் வாக்காளனுக்கு வாய்த்த பங்கும் அதனின் மிக்கதன்று.

இவ்விடத்தில் திருநெல்வேலியில் நிகழ்ந்த ஒரு முயற்சியை நினைவுகூர்தல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியமும் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியமும் தமிழ்க் கட்சிகளை ஒரே மேசைக்கு அழைத்து, பிரதான வேட்பாளர்களிடம் முன்வைக்கத்தக்க கோரிக்கைகள் பதின்மூன்றினை வகுத்தன. தன்னாட்சி உரிமையின் அடிப்படையிலான கூட்டாட்சி, போர்க் குற்றங்கள் பற்றிய சர்வதேச விசாரணை, அரசியற் கைதிகளின் விடுதலை, பயங்கரவாதத் தடைச் சட்ட நீக்கம், காணி விடுவிப்பு முதலியன அவற்றுள் அடங்கின. கலந்துரையாடலிற் பங்குகொண்ட ஆறு கட்சிகளுள் ஐந்து 2019 ஒக்டோபர் 14ஆம் நாள் கையொப்பமிட்டன. தேர்தற் காலத்திலே தமிழ்க் கட்சிகளைத் தனித்தனியே பேரம் பேசவிடாது ஒரே வினாத்தாளைக் கையளிக்கச் செய்தது மாணவரின் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயின் அவ்வினாத்தாளுக்கு விடை எழுத எந்தப் பிரதான வேட்பாளரும் முன்வரவில்லை. இதற்குக் காரணம் வேட்பாளர்களின் மனக்கோணல் மட்டுமே எனக் கூறி அமைவது அரைகுறை ஆய்வாகும். காலத்தை நோக்குக. வேட்புமனு ஏற்கப்பட்ட நாள் ஒக்டோபர் 7; கோரிக்கைகள் கையொப்பமானது ஒக்டோபர் 14. கதவு மூடி ஒரு வாரம் கழிந்தபின்னரே வினா வாயிலை அடைந்தது. இது மாணவர் செய்த பிழையன்று. வேட்பாளர் முடிவாகாத நிலையில் வினாவை எவரிடம் கொடுப்பது? முடிவானபின் கொடுத்தாலோ, அதனை ஏற்பது தெற்கிலே எதிரணியின் கையில் ஆயுதமாகும் என அஞ்சுவதற்கு வேட்பாளருக்குக் காரணம் உண்டு. எதிரணி வெல்லும் என்னும் அச்சத்தால் தமிழர் எப்படியும் தமக்கே வாக்களிப்பர் என எண்ணுவதற்கும் காரணம் உண்டு. அக்கணக்குத் தப்பவில்லை. தமிழரசுக் கட்சி நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே ஆதரவை அறிவித்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் சஜித் பிரேமதாசவுக்கு 312,722 வாக்குகளை, அதாவது ஏறத்தாழ 84 சதவீதத்தை, விலையின்றி வழங்கியது.

விலை பேசத்தக்க காலம் வேறொன்று உண்டு. முன்னணியில் நிற்பவர் தம் கட்சிக்குள்ளேயே தோற்றுவிடக்கூடும் என்று நடுங்கும் காலமே அது. அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டு அனுபவம் இதனைத் தெளிவுறுத்தும். சனநாயகக் கட்சியின் முன்னணி வேட்பாளராக நெடுநாள் பேசப்பட்ட ஜோ பைடன், அயோவாவில் நான்காம் இடத்துக்கும் நியூ ஹம்ஷயரில் ஐந்தாம் இடத்துக்கும் தள்ளப்பட்டார். பின்னர் வந்தது தென் கரோலினா. அங்கு அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களிப்போருள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களின் வாக்கு இன்றேல் பைடனின் அரசியல் வாழ்வு அவ்வாரத்தோடு முடிந்திருக்கும். பெப்ரவரி 25ஆம் நாள் விவாத மேடையில், உயர் நீதிமன்றத்துக்கு முதன்முறையாகக் கறுப்பினப் பெண் ஒருவரை நியமிப்பதாக அவர் வெளிப்படையாக உறுதி கூறினார். மறுநாள் அம்மாநிலத்துக் கறுப்பினத் தலைவர் ஜேம்ஸ் கிளைபேர்ன் தம் ஆதரவை அறிவித்தார். 29ஆம் நாள் பைடன் ஏறத்தாழ அரைவாசி வாக்குகளைப் பெற்று மீண்டெழுந்தார். 2022இல் கெற்றான்ஜி பிறவுண் ஜாக்சன் அந்நீதிமன்றத்தில் அமர்ந்தார்.

இங்குக் கருதத்தக்கது பைடனின் நற்குணமன்று. இக்கட்டில் அகப்பட்ட முன்னணி வேட்பாளர் ஒருவரிடம், எண்ணிக்கையிற் சிறுபான்மையினரான ஒரு மக்கட்கூட்டம் குறித்த ஒரு வாக்குறுதியை நாடறியப் பெற்றுக்கொண்டமையே கருதத்தக்கது. நவம்பர் மாதப் பொதுத் தேர்தல் வரை அவர்கள் காத்திருந்தால், மறுகட்சியின் மீதுள்ள அச்சம் ஒன்றே அவர்களின் வாக்கை ஈர்க்கப் போதுமானதாயிருந்திருக்கும். சோதனைக் காலத்திற் கேட்டமையாற் பெற்றனர். யாழ்ப்பாணத்து மாணவர் கேட்ட வினா அதனின் ஆழமானது. ஆனால் கேட்பதற்கு அத்தகைய காலம் ஒன்றை இலங்கையின் கட்சி முறை அவர்களுக்கு வழங்கவில்லை.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படலாம். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் தகும்.

வெளிப்படையான போட்டி கட்சியைப் பிளந்துவிடும் என்பது முதலாவது வாதம். மூடிய கதவு பிளவைத் தடுத்தது என்பதற்கு இலங்கை வரலாற்றிற் சான்று தேடினால் ஏமாற்றமே எஞ்சும். 1988இல் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் வாரிசுரிமைக்கு ரணசிங்க பிரேமதாச, லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க ஆகிய மூவரின் பெயர்களும் அடிபட்டன. உறுப்பினரின் வாக்கைக் கேளாமலே முடிவு செய்யப்பட்டது. மூன்று ஆண்டுகள் செல்லுமுன், 1991இல், ஏனைய இருவரும் சனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணையின் முன்னணியில் நின்றனர். கட்சியிலிருந்து நீக்கப்பட்டுப் புதுக்கட்சி கண்டனர். 2019இன் கதையும் வேறன்று. செயற்குழுவின் சம்மதம் பெற்று ஆறு மாதங்கள் கழியுமுன்னரே கட்சி இரண்டாயிற்று. 2020ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பிரிந்து சென்ற ஐக்கிய மக்கள் சக்தி 54 ஆசனங்களைப் பெற, நாட்டின் மிகப் பழைய கட்சிகளுள் ஒன்றான ஐக்கிய தேசியக் கட்சிக்குத் தேசியப் பட்டியல் வழி ஓர் ஆசனமே கிடைத்தது. 2024இல் அவ்விரு தலைவர்களும் தனித்தனியே போட்டியிட்டனர். முதலாம் எண்ணிக்கையில் சஜித் பிரேமதாச 4,363,035 வாக்குகளும் ரணில் விக்கிரமசிங்க 2,299,767 வாக்குகளும் பெற்றனர். இரண்டையும் கூட்டினால் வெற்றி பெற்ற அநுர குமார திசாநாயக்கவின் 5,634,915 வாக்குகளிலும் பத்து இலட்சம் அதிகம். ஒருவருக்கு விழுந்த வாக்கு முழுவதும் மற்றவருக்கு விழுந்திருக்கும் எனக் கொள்ள முடியாது. எனினும் தீர்க்கப்படாத உட்பூசல் ஐந்தாண்டுகளின் பின்னும் வட்டியோடு வந்து நிற்கும் என்பதற்கு இதனினும் சிறந்த கணக்கு வேண்டியதில்லை.

போட்டியைத் தவிர்ப்பது முன்னிற்பவரைக் காக்கும் என்பதும் பொய்த்துப்போன நம்பிக்கையே. 2024இல் அமெரிக்க சனநாயகக் கட்சி, பதவியிலிருந்த பைடனுக்கு வலுவான உட்கட்சிப் போட்டி எதுவும் எழாது பார்த்துக்கொண்டது. யூன் மாத விவாதத்தில் அவரின் தளர்ச்சியை நாடே கண்டது. யூலை 21ஆம் நாள் அவர் விலகினார். முதனிலைத் தேர்தலில் தம் பெயருக்கு வாக்குக் கேட்டிராத கமலா ஹரிஸ் மூன்றரை மாதங்களிற் பரப்புரை செய்து தோற்றார். தை மாதத்தில் வெளிப்பட்டிருக்கவேண்டிய குறை ஆனி மாதத்தில் வெளிப்பட்டதன் விளைவு அது. அந்நாட்டின் முதனிலைத் தேர்தல் முறை இன்றைய வடிவம் பெற்றதற்குக் காரணமும் மூடிய கதவே. 1968இல் எந்த முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாத ஹியூபேர்ட் ஹம்பிறி சிக்காகோ மாநாட்டில் வேட்பாளராக்கப்பட்டார். மண்டபத்துக்கு வெளியே இளைஞர்கள் தடியடிபட்டனர். அக்கசப்பிலிருந்தே வேட்பாளர் தெரிவைக் கட்சித் தலைவர்களிடமிருந்து வாக்காளருக்கு மாற்றும் சீர்திருத்தம் பிறந்தது.

இரண்டாவது வாதம் பணத்தையும் இனவாதத்தையும் பற்றியது. முதனிலைத் தேர்தல் நடந்தால் பணம் படைத்தவர் வெல்வர். தெற்கின் கட்சிகளில் சிங்கள உறுப்பினரே பெரும்பான்மையினராதலின், இனவாதம் பேசுபவரே தெரிவாவர் என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அமெரிக்க முதனிலைத் தேர்தல்களில் புழங்கும் பணம் அருவருக்கத்தக்கது. 2016இல் குடியரசுக் கட்சியின் தலைவர்கள் பலர் விரும்பாத டொனால்ட் ட்ரம்ப்பை அம்முறையே மேலுயர்த்தியது. ஆனால் மூடிய கதவு இலங்கைக்குக் கொணர்ந்தது எதனை? 2019இல் ஒரு குடும்பம் தனக்குள் தெரிந்தெடுத்த வேட்பாளர் 52.25 சதவீத வாக்குகளோடு வென்று, 2022 யூலையில் நாட்டை விட்டோடியபின் பதவி துறந்தார். இனவாதத்துக்கும் பணத்துக்கும் மூடிய அறை ஒருபோதும் தடையாயிருந்ததில்லை. அன்றியும் 2019இல் சஜித் பிரேமதாச வென்ற தேர்தல் மாவட்டங்கள் ஆறே: யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல, நுவரெலியா. ஆறும் தமிழரும் முஸ்லிம்களும் மலையக மக்களும் பெருந்தொகையினராய் வாழும் மாவட்டங்கள். தேர்தலில் தன்னைத் தாங்கிப் பிடித்த மாவட்டங்களுக்கு வேட்பாளர் தெரிவில் ஒரு குரலும் அளிக்காத கட்சி, அம்மக்களின் வாக்கைத் தன் உடைமையாகக் கருதுகிறது என்பதன்றி வேறென்ன?

மூன்றாவது வாதம் தமிழரிடமிருந்தே எழுவது. சனாதிபதி ஆட்சிமுறையே ஒழிக்கப்படவேண்டியது. தென்னிலங்கைக் கட்சிகளின் வேட்பாளர் எவராயினும் தமிழருக்கு வேறுபாடில்லை. ஆதலின் அவர்கள் எவ்வாறு தெரியப்படுகின்றனர் என்பதில் தமிழருக்கு அக்கறை வேண்டியதில்லை என்பது அவ்வாதம். ஒழிப்பதாக 1994 முதல் வாக்குறுதி அளிக்கப்பட்டுவரினும் 2024ஆம் ஆண்டுத் தேர்தலும் அப்பதவிக்கே நடைபெற்றது. வேறுபாடில்லை என்பதையும் யாழ்ப்பாணத்து வாக்காளர் என்றும் ஏற்றதில்லை. 1982ஆம் ஆண்டின் முதலாவது சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலிடம் பெற்றார். அவரையடுத்து வந்தவர், நாட்டின் சனாதிபதியாயிருந்த ஜயவர்த்தன அல்லர், சிறீலங்கா சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியுரிமைகள் பறிக்கப்பட்டமையால் வேட்பாளராகிய அவருக்குத் தம் கட்சித் தலைவர்கள் சிலரின் ஒத்துழைப்பே முழுமையாய்க் கிட்டவில்லை. ஆனால் திருநெல்வேலி, கோண்டாவில், இணுவில் செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டோர், 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் வேளாண்மை அமைச்சராயிருந்தவரை மறக்கவில்லை. வேட்பாளருக்கு வேட்பாளர் வேறுபாடு காணத் தெரிந்த மக்கள் இவர்கள். வேறுபாட்டை வெளிக்கொணரும் முறையே இல்லாதது.

எனினும் கொழும்பின் கதவைத் தட்டுபவர் தம் வீட்டுக் கதவையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். 2024 ஓகஸ்டில் தமிழ்ப் பொது வேட்பாளராகப் பா. அரியநேத்திரன் அறிவிக்கப்பட்டார். கட்சிகளும் சிவில் சமூகப் பிரதிநிதிகளும் கூடிய குழுவே அவரைத் தெரிந்தது. தமிழ் மக்களிடம் ஒரு கிராமத்திலேனும் வாக்குக் கேட்டுத் தெரியவில்லை. அவர் உறுப்பினராயிருந்த தமிழரசுக் கட்சியோ செப்டெம்பர் முதலாம் நாள் வவுனியாவில் மத்திய குழுவைக் கூட்டி, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென முடிவு செய்தது. அதுவும் உறுப்பினரைக் கேளாத முடிவே. அக்கட்சியின் முன்னணியினரே இரு மேடைகளில் நின்றனர். விளைவு யாதெனின், யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித் பிரேமதாசவுக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688, ரணில் விக்கிரமசிங்கவுக்கு 84,558 எனத் தமிழ் வாக்குகள் மூன்றாய்ச் சிதறின. மூன்று வழிகளும் நேர்மையான வழிகளாயிருக்கலாம். தீமை யாதெனின், அம்மூன்றுள் எது தகும் என மூன்று தரப்பினரும் ஒரே மேடையில் வாதிட்டு, மக்கள் கேட்டுத் தெளிந்து, முன்கூட்டியே முடிவு செய்யும் வாய்ப்பு எவருக்கும் கிடைக்காமையே.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியும் இடம்பெற்றது. சனவரி 21ஆம் நாள் திருகோணமலையில் தமிழரசுக் கட்சியின் பொதுக்குழு தன் தலைவரை இரகசிய வாக்கினால் தெரிந்தது. சி. சிறீதரன் 184 வாக்குகளும் ம. ஆ. சுமந்திரன் 137 வாக்குகளும் பெற்றனர். போட்டி ஊரறிய நடந்தது. இருவரின் நிலைப்பாடுகளும் அதுவரை இல்லாத அளவுக்குப் பொதுவெளியில் அலசப்பட்டன. தோற்றவர் முடிவை ஏற்றார். அதன்பின் கட்சி நீதிமன்றம் ஏறியதைக் காட்டி, தேர்தல் வைத்ததே பிழை என்போர் உளர். வழக்கெழுந்தது பொதுக்குழுவின் அமைப்பும் கட்சி யாப்பின் விதிகளும் ஒழுங்காகப் பேணப்பட்டனவா என்பது பற்றி. தேர்வுக்கு முன் விதி வகுக்கவேண்டும் என்பதே அதிற் கற்கத்தக்க பாடம். தேர்வே கூடாது என்பதன்று. பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூர்ச் சபையார் குடவோலைக்கு எவர் பெயர் இடத்தக்கது, எவர் பெயர் இடத்தகாதது என்பதைக் கல்லிற் பொறித்து ஊரார் பார்க்க வைத்தனர். நிலமும் மனையும் உடையவர்க்கே இடமளித்த அவ்விதி இன்றைக்கு ஒவ்வாதது. ஆயினும் கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துள் புகாது என்பதனையும், விதி முன்கூட்டியே எல்லார்க்கும் தெரிந்திருந்தது என்பதனையும் எவர் குறைகூற வல்லார்?

ஆதலின் வேண்டுவன இவை. கட்சிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் தேர்தற் சட்டம், வேட்பாளரை உறுப்பினரின் வாக்கினால் தெரியும் விதியை ஒவ்வொரு கட்சி யாப்பிலும் கட்டாயமாக்கல் வேண்டும். வேட்புமனுத் தினத்துக்கு மூன்று மாதங்களேனும் முன்னதாக அத்தெரிவு நிகழ்தல் வேண்டும். பரப்புரைச் செலவுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கட்டுப்பாடு உட்கட்சித் தெரிவுக்கும் விரிவாக்கப்படல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் கிளை வைத்திருக்கும் தென்னிலங்கைக் கட்சிகள் அக்கிளைகளுக்கு வாக்குரிமை அளித்தல் வேண்டும். அளிக்க மறுப்பின், அக்கிளைகளில் அமர்ந்திருப்போர் தாம் எதற்கு அமர்ந்திருக்கின்றனர் என்பதை மக்களுக்கு விளக்குதல் வேண்டும். தமிழ்க் கட்சிகள் சட்டம் வரும்வரை காத்திராது, உறுப்பினர் பட்டியலையும் தெரிவு விதிகளையும் இப்போதே ஒழுங்குசெய்து வெளியிடல் வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கும் இதிற் பங்குண்டு. அடுத்த சனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டியது. 2019இல் மாணவர் ஒன்றியங்கள் ஆற்றிய பணி, அத்தேர்தலுக்கு ஓராண்டு முன்னதாக, எந்தக் கட்சியிலும் வேட்பாளர் முடிவாகாத நிலையில் தொடங்கல் வேண்டும். வேட்பாளராக விரும்பும் ஒவ்வொருவரும், முன்னிற்பவரும் பின்னிற்பவரும், திருநெல்வேலி வளாகத்துக் கைலாசபதி கலையரங்குக்கு அழைக்கப்படல் வேண்டும். அழைப்பும் அச்சாகல் வேண்டும். வந்தவர் விடையும் அச்சாகல் வேண்டும். வாராதவரின் பெயரும் அச்சாகல் வேண்டும். தம் கட்சிக்குள் இன்னும் வெற்றி உறுதியாகாத ஒருவருக்கே அவ்வழைப்பைப் புறக்கணிப்பது கடினமாயிருக்கும். வேட்புமனு கையளித்த பின்னர் வரும் வேட்பாளர், கோவிலில் அருச்சனை செய்து, கூட்டத்தில் மாலை வாங்கி, விடை கூறாது திரும்புவார் என்பதை யாழ்ப்பாணம் போதிய அளவு கண்டுவிட்டது.